காலை ஆறு மணிக் குடிகாரன்

நான் இதுவரை ஒரு சொட்டு மது குடித்ததில்லை. இதைச் சொன்னால் எங்கள் சபையில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் தோளைத் தட்டி, "நல்லது தம்பி, அப்படியே உறுதியா இருங்க" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நான் பெருங்குடிகாரன் என்று அவர்களுக்குச் சொன்னவன் நானேதான். அதுவும் கோயிலில் வைத்து, மைக்கில், இருபது நிமிடம்.

(கோயில் என்றதும் கோபுரத்தைத் தேட வேண்டாம். பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்தவர்களான எங்களுக்குத் தேவாலயமும் கோயில்தான், குருவானவரும் ஐயர்தான். வெளியூர்க்காரர்கள்தான் குழம்புவார்கள்.)

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், எல்லோருக்கும் என்னைப் பிடிக்க வேண்டும். அதுதான் என் வியாதி. யாராவது முகத்தைக் கொஞ்சம் சுளித்தால்கூட எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. முடிவெட்டுகிறவர் ஒரு காதுக்கு மேல் அதிகமாகவும் மறு காதுக்கு மேல் குறைவாகவும் வெட்டிவிட்டு, "எப்படி இருக்கு சார்?" என்று கண்ணாடியைக் காட்டினால், "அருமை" என்பேன். ஒருமுறை செருப்புக் கடையில் ஒரு மனிதர் எனக்காகப் பதினோரு பெட்டிகளைத் திறந்து காட்டிவிட்டார். எதுவும் சரியில்லை. வெறுங்கையோடு போனால் அவர் மனசு வருத்தப்படுமே என்று ஒரு அளவு சிறியதை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் வருத்தப்படவில்லை. எனக்குத்தான் கொப்புளம் வந்தது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பெயர் செல்வின். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். சபையில் நான் வாலிபர் சங்கச் செயலாளர். செயலாளர் என்றால், யாரும் செய்ய விரும்பாத வேலையை, "நான் செய்யுதேன்" என்று சொல்லிச் செய்கிறவன்.

எங்கள் சபையில் தங்கதுரை அண்ணாச்சி என்று ஒருவர் இருந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலத்தில் பயங்கரக் குடிகாரர். அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்தில், புதன்கிழமைக் கூட்டத்தில் அவர் எழுந்து, தான் குடித்துச் சீரழிந்ததையும் ஆண்டவர் தன்னைத் தூக்கி நிறுத்தியதையும் பத்தே நிமிடத்தில் சாட்சியாகச் சொன்னார். நல்ல தமிழ் கிடையாது. நடுவில் இரண்டு தடவை பேச்சு வராமல் நின்றுவிட்டார். ஆனால் கோயிலில் நனையாத கண் இல்லை. மூக்கைச் சிந்துகிற சத்தமும், "ஸ்தோத்திரம்", "ஆமென்" என்கிற சத்தமும்தான் கேட்டன. நானும் அழுதேன். அழுதுகொண்டே பொறாமையும் பட்டேன். இப்படி ஒரு கீழ்த்தரமான மனது எனக்கு இருந்ததை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து வாலிபர் ஞாயிறு வந்தது. அன்று ஆராதனை முழுவதையும் இளைஞர்கள்தான் நடத்துவார்கள். பிரசங்கத்துக்குப் பதிலாக ஒருவர் தன் சாட்சியைச் சொல்வார். யார் சொல்வது என்று ஐயர் கேட்டதும் எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். "நான் சொல்லுதேன் ஐயா" என்றேன்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. என்னிடம் சாட்சியே இல்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தேன். ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காகப் போனேன். மனப்பாட வசனப் போட்டியில் மூன்று முறை எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். அப்பா போனதைத் தவிர என் வாழ்க்கையில் நடந்த ஒரே கொடுமை டைபாய்டு காய்ச்சல். அதுவும் எல்லோருக்கும் வருகிற டைபாய்டு. எப்படி எழுதினாலும் இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா புதிதாக ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். "நல்லாத் தலையச் சீவுலே. பவுடர் கொஞ்சமாப் போடு" என்றாள். அம்மா என் சட்டையைத் தேய்ப்பது வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் அன்றுதான். நான் அதைக் கவனிக்கவில்லை. அப்பா எனக்கு வாங்கித் தந்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பீடத்துக்கு அருகில் நின்று சாட்சியைத் தொடங்கினேன். முதல் இரண்டு நிமிடம் எழுதி வைத்த உண்மையைத்தான் சொன்னேன். மூன்றாவது நிமிடத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கொட்டாவி விட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் விட்டார். டைபாய்டைச் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கிவிட்டாள். என்னை யாருக்கும் பிடிக்கவில்லை! நூற்றைம்பது பேருக்கு ஒரே நேரத்தில் என்னைப் பிடிக்கவில்லை!

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது.

"ஆனால் சகோதரரே, உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் நான் பெருங்குடிகாரனாக இருந்தேன்."

கொட்டாவி விட்டவர் பாதி திறந்த வாயோடு நிமிர்ந்தார். கைப்பை மூடியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் "ஆமென்" என்றது. அந்த ஒரு ஆமென் போதும், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. (என் வாழ்நாளில் எனக்கு ஏறிய ஒரே போதை அதுதான்.)

அதற்குப் பிறகு நான் பேசியதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான்தான் பேசினேன். காலையில் ஆறு மணிக்கே சாராயக் கடை வாசலில் போய் நிற்பேன் என்றேன். பிராந்தியில் மோரைக் கலந்து செம்பு செம்பாகக் குடிப்பேன் என்றேன். போதையில் மேலப்பாளையம் சந்தையில் ஆடுகளோடு ஆடாக விழுந்து கிடந்தேன் என்றேன். "என் தகப்பனார் ஆசையாக வாங்கித் தந்த கைக்கடிகாரத்தை அடகு வைத்துக் குடித்தேன்" என்று சொல்லி, கையை உயர்த்தி ஆட்டினேன். கோயிலே அழுதது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் அழுதேன், என் கதை எனக்கே அவ்வளவு உருக்கமாக இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கையைப் பிடிக்க வரிசையில் நிற்கிறார்கள். ஐயர் என்னைக் கட்டிக்கொண்டார். "தம்பி, இது இந்த ஒரு சபையோட நின்னுரக் கூடாது. நம்ம சேகரத்துல, எம் பொறுப்புல, இன்னும் மூணு கிராமத்துல கோயில் இருக்கு. அங்கயும் வந்து சொல்லணும்" என்றார். "கண்டிப்பா ஐயா" என்றேன். வேறு என்ன சொல்வேன்!

அம்மாவைத் தேடினேன். காணோம். அம்மா எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு நடந்து போய்விட்டிருந்தாள்.

வீட்டில் நுழைந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அழுது முடித்திருந்தாள்.

"ஏலே, ஒரு சொட்டுக் கள்ளுகூடக் குடிக்காத மனுசனுக்குப் பொறந்தவன்லே நீ. என்ன எழவுக்குலே அப்படிச் சொன்ன?"

"இல்லம்மா, எல்லாரும் தூங்கிட்டு இருந்தாவ..."

"தூங்கட்டும்! தூங்குனா என்னலே? நாங்குநேரியில இருந்து பொண்ணு வீட்டுக்காரவ வந்திருந்தாவலே! முதல் பஸ்ஸப் பிடிச்சு வந்து மூணாவது பெஞ்சுல இருந்தாவ. அப்பா, அம்மா, பொண்ணு, மூணு பேரும் இருந்தாவலே!"

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது எல்லாம் பிறகு. அதற்கு முன்னால் பையன் போகிற கோயிலுக்கு யாரிடமும் சொல்லாமல் ஒரு ஞாயிறு வந்து, அவன் பைபிளோடு வருகிறானா, பாட்டுப் பாடுகிறானா, காணிக்கைத் தட்டு வரும்போது சட்டைப்பையைத் தடவிக்கொண்டு வெளியே பார்க்கிறானா என்றெல்லாம் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவில் இருக்கும் ராணிச் சித்திதான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தவள். பெண்ணின் பெயர் பியூலா. நர்ஸ். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர்கள் எப்போது வருவார்கள் என்று தெரியாமல் நானும் நான்கு வாரமாகக் கோயிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

"வாராவன்னு ஏம்மா என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ நடிப்பன்னுதாம்லே சொல்லல!"

அதற்கு மேல் அம்மா பேசவில்லை. நான்கு நாள் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

அன்று மாலையே அம்மா ராணிச் சித்தியிடம் ஓடி, "என் பிள்ளை குடிக்கவே மாட்டான், நீ அவுகட்டச் சொல்லு" என்று கெஞ்சியிருக்கிறாள். சித்தி நாங்குநேரிக்குப் போனில் சொன்னாள். பெண்ணின் அப்பா, "எந்தத் தாயி தன் பிள்ளை குடிகாரன்னு சொல்லுவா?" என்றாராம். ஆனாலும் நியாயமான மனிதர், ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது என்று எங்கள் ஐயருக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறார். ஐயர் பெருமையோடு, "ஆமாமா, சாதாரணக் குடி இல்ல, பயங்கரமான குடி! ஆண்டவர் செஞ்சது பெரிய அற்புதம்!" என்று சொல்லியிருக்கிறார். என் சம்பந்தம் அதோடு முடிந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "சார், இப்ப ஒண்ணும் இல்லல்லா?" என்று கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா, குடியை மறக்க வைக்கும் ஒரு கஷாயத்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். (அவள் மனசு வருத்தப்படக் கூடாதே!) இரண்டு நாள் வயிறு சரியில்லை. கிராமத்துக் கூட்டங்களுக்கு ஐயர் நோட்டீஸ் எழுதிவிட்டார். என் பெயருக்கு மேலே கொட்டை எழுத்தில் 'முன்னாள் குடிகாரர்' என்று இருந்தது. பி.எஸ்சி., பி.எட். என்பது அதற்குக் கீழே சின்னதாக இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அந்த நான்கு நாளில் எனக்குத் தோன்றவே இல்லை. அழுதவர்கள் எல்லாம் என்னை வெறுத்துவிடுவார்களே என்று பயம். பெண்ணும் போச்சு, அம்மா பேச்சும் போச்சு, இந்தப் பேராவது மிஞ்சட்டும் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை மாலை பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆட்டோவுக்குக் கை காட்டினேன். நின்றது தங்கதுரை அண்ணாச்சியின் ஆட்டோ. ஏறினேன். வண்ணாரப்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலம் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கட்டா? காலையில ஆறு மணிக்குக் கடை வாசல்ல நின்னேன்னு சொன்னீரே, எந்தக் கடை வே அது?"

"அது... அங்கன... ஜங்ஷன் பக்கம் அண்ணாச்சி."

"கடை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கில்லா தொறக்கான்! வருசக்கணக்கா அந்த வாசல்ல நின்னவன் நான். எனக்குத் தெரியாத கடையா?"

நான் திரும்பி ஆற்றைப் பார்த்தேன்.

"பிராந்தியில மோரக் கலந்தேன்னு வேற சொன்னீரு. கேட்டதுமே எனக்குக் குடலப் பிரட்டிட்டு. நீரு குடிச்சதே கிடையாது. அப்படித்தான?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"நான் குடிச்சது நெசம் வே. எம் பொஞ்சாதி காதுக் கம்மலு போனது நெசம். எம் மவன் பள்ளிக்கூடத்துல 'குடிகாரன் மவன்'னு பேரு வாங்கிட்டு வந்து அழுதது நெசம். அதை எல்லார் முன்னாலயும் எந்திரிச்சுச் சொல்லதுக்கு எனக்கு மூணு வருசம் ஆச்சு. சொல்லிட்டு ரெண்டு நாளு வீட்ட விட்டு வெளிய வரல, வெக்கமா இருந்துச்சு. நீரு என்னடான்னா, நாலு பேரு ஆமென் போடதுக்காக அதை எடுத்து மாட்டிக்கிட்டீரு. எங்க அவமானம் உமக்கு என்ன வே, வாடகைச் சட்டையா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இறங்கும் வே. உம்ம சவாரி எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாலத்திலிருந்து கீழே இறங்கி ஆற்றங்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளி இரண்டு பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை. ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினேன். "மகா பரிசுத்தமும் மகிமையும் உள்ள எங்கள் பரம பிதாவே" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். கூட்டத்தில் நான் ஜெபித்தால் நன்றாக இருக்கும் என்று பேர் உண்டு. பாதியில் நிறுத்திவிட்டேன். இங்கே யார் கேட்கிறார்கள்? யாரிடம் பேர் வாங்க இந்தத் தமிழ்?

அப்புறம் வீட்டில் பேசுகிற மாதிரிதான் பேசினேன். "ஆண்டவரே, நான் பொய் சொல்லிட்டேன். உம்ம கோயில்ல வச்சே சொல்லிட்டேன். எல்லாரும் என்னை நல்லவன்னு சொல்லணும், அதுக்காகத்தான் குடிகாரன்னு சொன்னேன்." இதைச் சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். துணி துவைத்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவரும் நான் குடித்திருப்பதாகத்தான் நினைத்திருப்பார்.

அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று எனக்கு விளங்கியது. நான் குடிக்கவில்லை என்பது ஆண்டவருக்குத் தெரியும். மூன்று எவர்சில்வர் டம்ளரும் தெரியும். டைபாய்டு தெரியும். அந்தக் காய்ச்சலில் இரவெல்லாம் அம்மா என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே, "ஆண்டவரே, பிள்ளையத் தாரும்" என்று கேட்டதும் தெரியும். என் கதையைக் கொட்டாவி விடாமல் இருபத்தேழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். இந்தச் சுவாரஸ்யமே இல்லாத கணக்கு வாத்தியாருக்காகவும்தான் அவர் சிலுவையைச் சுமந்தார். "கதை போதாது, கொஞ்சம் கூட்டிக்கொண்டு வா" என்று என்னிடம் கேட்கவில்லை. இத்தனை வருடம் ஊரெல்லாம் அலைந்து ஆளாளிடம் கெஞ்சிய அந்தப் பிரியம், கேட்பதற்கு முன்னாலேயே எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கால் வலிக்கவில்லை. (செருப்பு அதே சின்னச் செருப்புதான்.)

அம்மாவிடம், "ஞாயித்துக்கிழமை கோயில்ல நெசத்தைச் சொல்லிருதேம்மா" என்றேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாப்பிடுலே" என்றாள். நான்கு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு.

ஞாயிறு காலை ஐயரிடம் போய், அறிவிப்பு நேரத்தில் இரண்டு நிமிடம் வேண்டும் என்றேன்.

"தாராளமா! போன வாரம் விட்டுப்போனதைச் சொல்லப் போறீங்களா?"

"ஆமா ஐயா. முக்கியமானது விட்டுப்போச்சு."

மைக்கைப் பிடித்தேன். எல்லோரும் ஆவலாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், ஒருவரும் கொட்டாவி விடவில்லை. "போன ஞாயிறு நான் சொன்ன சாட்சி பொய். நான் குடித்ததே கிடையாது. நீங்கள் என்னைப் பாராட்ட வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். ஆண்டவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தங்கதுரை அண்ணாச்சியிடம் தனியாகவும் கேட்கிறேன்" என்றேன்.

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னது:

"ஐயோ பாவம், பையன் மறுபடி ஆரம்பிச்சிட்டான் போல."

பெண்கள் பக்கத்தில் ஒரு பாட்டியம்மா எழுந்து, "இயேசுவே, இந்தப் பிள்ளைய விடுவியும்!" என்று சத்தமாக ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள். ஐயர் மெல்ல என் பக்கத்தில் வந்து தோளில் கையை வைத்தார். வைக்கிற சாக்கில் என் வாய்க்கு அருகே மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார். உண்மையைச் சொன்னால் வெறுப்பார்கள் என்றுதான் நான் பயந்திருந்தேன். நம்பவே மாட்டார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

அப்போது ஆண்கள் பக்கத்தில் தங்கதுரை அண்ணாச்சி எழுந்தார்.

"ஐயா, மன்னிக்கணும். இந்த விசயத்துல இந்தக் கோயில்ல என்னைவிட விவரம் தெரிஞ்ச ஆளு கிடையாது. காலையில ஆறு மணிக்குக் கடை தொறக்கும்னு சொல்லுதவன் குடிகாரனா இருக்கவே முடியாது. பிராந்தியில மோர ஊத்துனேன்னு சொல்லுதவன் மனுசனாவே இருக்க முடியாது. வாத்தியாரு குடிக்கல. அதுக்கு நான் சாட்சி."

முதலில் சிரித்தது ஆண்கள் பக்கத்தில் மூன்று நான்கு பேர். (விவரம் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள் என்று அப்போது தெரிந்தது.) அப்புறம் கோயில் முழுவதும் சிரித்தது. ஐயரும் சிரித்தார். பெண்கள் பக்கம் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நான் சாகவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காது என்றும் தோன்றவில்லை. பசிக்கத்தான் செய்தது.

வெளியே வந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடும் வே, விடும். ஏறும், வீட்ல விட்டுட்டுப் போறேன்" என்றார். நானும் அம்மாவும் அவர் ஆட்டோவில்தான் போனோம். மூன்று கிராமத்துக் கூட்டங்களுக்கும் அவரே போனார். அந்தச் சாட்சி அவருடையதுதானே.

ராணிச் சித்தி அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நாங்குநேரிக்குப் போன் போட்டு, மோந்து பார்த்தது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை எங்களை வரச் சொன்னார்கள்.

பியூலாவின் அப்பா ஒரு தட்டில் முந்திரிக்கொத்துப் பலகாரத்தை நீட்டினார். கடித்தேன். பல்லுக்குப் பணியவில்லை. "எப்படி இருக்கு மாப்ளே?" என்றார். 'அருமை' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "கொஞ்சம் கடினமா இருக்கு மாமா" என்றேன். அம்மா என் காலை மிதித்தாள். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. "அப்பாவே சுட்டது. ரெண்டு நாளா யாரும் சொல்ல மாட்டேங்காவ" என்று சொல்லிக்கொண்டே பியூலா வந்தாள்.

எங்களைப் பேசச் சொல்லிவிட்டு எல்லோரும் உள்ளே போனார்கள்.

"நீங்க குடிக்க மாட்டீங்கன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "அடகு வச்சேன்னு சொன்ன வாட்சு கையிலதான கிடந்துச்சு. அதை ஆட்டி ஆட்டி வேற காட்டுனீங்க."

"அப்ப உங்க வீட்ல சொல்லிருக்கலாமே?"

"எதுக்கு? எங்கப்பாதான் குடிகாரன் வேண்டாம்னாவ. நான் பொய்க்காரன் வேண்டாம்னேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "இப்ப?" என்றேன்.

"பொய்யின்னு நீங்களே மைக்கில சொன்னீங்களாமே. ஒருத்தரும் நம்பலையாமே. அதுக்கப்புறமும் நின்னீங்களாமே." அப்புறம் கேட்டாள்: "அது சரி, டைபாய்டுன்னு சொன்னீங்களே, எத்தனை நாளு காய்ச்சல் இருந்துச்சு?"

பதினெட்டு நாள் என்றேன். எப்போது இறங்கியது, என்ன மருந்து கொடுத்தார்கள், யார் கூட இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். என் கதையில் உண்மையாக நடந்த ஒன்றை ஒரு ஆள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தேன். இன்றைக்கும் அந்த ஸ்தோத்திரம் தீர்ந்தபாடில்லை.

இப்போது எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள், அபி. முடிவெட்டுகிறவரிடம், "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று என்னால் சொல்ல முடிகிறது. சில நாள் பழைய வியாதி எட்டிப் பார்க்கும். அப்போது ஆற்றங்கரையில் பேசிய அதே தமிழில் கொஞ்சம் பேசிக்கொள்வேன், அடங்கிவிடும். எங்கள் வீட்டில் அலாரம் வைக்கும் வழக்கம் கிடையாது. தினமும் காலையில் பியூலா என் போர்வையை இழுத்துவிட்டு, "மணி ஆறாச்சு, கடை தொறந்துட்டான், எந்திரிங்க" என்பாள். அம்மா அடுப்படியிலிருந்து, "மோரு எடுத்து வச்சிருக்கேம்லே" என்பாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

போன மாதம் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் ஐயர் எங்கள் வீட்டைச் சந்திக்க வந்தார். இளவயதுக்காரர், சாந்தமான மனிதர். அபியைப் பக்கத்தில் இருத்தி, "பாப்பா, வீட்ல காலையில ஜெபம் பண்ணுவீங்களா?" என்று கேட்டார்.

"பண்ணுவோம். கடை தொறந்ததும் எங்கப்பா எந்திரிச்சிருவாரு. அப்புறம்தான் ஜெபம்" என்றாள் அபி.

ஐயர் என்னைப் பார்த்தார். பியூலா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். (அவர் அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.) கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்து, "பிரதர், உங்களுக்காக விசேஷமா எதுவும் ஜெபிக்கணுமா?" என்று கேட்டார்.

"அது வீட்ல ஒரு வேடிக்கைப் பேச்சு ஐயா. நான் குடிக்கிறதில்ல" என்றேன்.

"எல்லாருமே முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க பிரதர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பழைய செல்வினாக இருந்தால் தங்கதுரை அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்திருப்பேன், அம்மாவைச் சத்தியம் செய்யச் சொல்லியிருப்பேன், அன்றிரவு தூங்கியிருக்க மாட்டேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் தலையில் கையை வைத்து, இல்லாத என் குடிப்பழக்கத்துக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார். நல்ல ஜெபம். கேட்க வேண்டியவருக்கு விஷயம் தெரியும்.

"ஆமென்" என்றேன், மனதார.